பென்சிலைவிட மெல்லிய தோட்டா: ஒரு வேட்டைக் கதையை இரண்டு வகுப்புகள் படித்த விதம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி, காபித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பள்ளியில் நடந்தது இது. நான் அங்கே ஆங்கில ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பில் அ, ஆ என்று இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் விடுதியில் தங்கியிருப்பவர்கள், சேலத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். மற்றவர்கள் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். இவர்கள் வகுப்பில் அதிகம் பேச மாட்டார்கள், ஆங்கில வகுப்பில் இன்னும் குறைவு.

ஜூலை மாதம் கூடுதல் வாசிப்புக்காக நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கானல் எழுதிய 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' என்ற சிறுகதை. 1924 ஜனவரியில் 'காலியர்ஸ்' இதழில் வெளியாகி, அந்த ஆண்டின் ஓ. ஹென்றி நினைவுப் பரிசுக் கதைத் தொகுப்பில் இடம்பெற்றது. கதை தெரியாமல் இந்த ஆய்வு விளங்காது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெயின்ஸ்ஃபோர்டு பேர்பெற்ற வேட்டைக்காரன். சிறுத்தையைப் போன்ற ஜாகுவாரை வேட்டையாடக் கப்பலில் போகிறவன், கரீபியன் கடலில் தவறி விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே மாளிகை கட்டி வாழும் ஜெனரல் ஸாரோஃப் என்ற கொசாக்கு (ரஷ்யக் குதிரைப்படை மரபினர்) பிரபுவுக்கு விலங்கு வேட்டை சலித்துவிட்டது. கப்பல் உடைந்து வரும் மாலுமிகளை அவன் வேட்டையாடுகிறான். இப்போது ரெயின்ஸ்ஃபோர்டின் முறை. மூன்று நாள் தப்பித்தால் விடுதலை.

சஸ்பென்ஸ், களம் (கதை நடக்கும் இடமும் பொழுதும்), முரண் (எதிரெதிர் மோதல்), முன்னுணர்த்தல் (பின்னால் வரப்போவதை முன்பே குறிப்பால் காட்டுவது), முரண்நகை (எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடப்பது) என்று ஆசிரியர்கள் கற்பிக்க விரும்பும் அத்தனையும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன. அதனால்தான் தேர்ந்தெடுத்தேன். அதுவே முதல் வாரத்தில் எனக்குக் குழியாகவும் ஆனது.

முதல் வாரம்: அ பிரிவு

முதல் நாள் கரும்பலகையில் ஆறு கலைச்சொற்களை எழுதி விளக்கம் கொடுத்தேன். இரண்டாம் நாள் கதைச்சுருக்கம் சொன்னேன். மூன்றாம் நாள், யாரோ சுருக்கி வைத்திருந்த நான்கு பக்கப் பிரதியை வாசிக்க வைத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஓர் உதாரணத்தை எழுதிப்போட்டேன். தீவின் பெயர் 'கப்பல்பொறித் தீவு'. இது முன்னுணர்த்தல். வேட்டைக்காரன் வேட்டையாடப்படுகிறான். இது முரண்நகை. வெள்ளிக்கிழமை ஒரு சிறு தேர்வு.

விடைத்தாள்கள் பார்க்க அழகாக இருந்தன. விளக்கங்கள் பிழையில்லாமல் வந்திருந்தன. உதாரணம் கேட்ட இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் கப்பல்பொறித் தீவையே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிக் கேள்வியில் அவர்கள் முன்பு படிக்காத ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதில் எந்த வரி உனக்குப் பயத்தைத் தருகிறது, ஏன்?' என்று கேட்டிருந்தேன். பல தாள்களில் அந்த இடம் வெற்றாக இருந்தது. சிலர் அங்கும் முன்னுணர்த்தலின் விளக்கத்தை மறுபடி எழுதி வைத்திருந்தார்கள்.

கவனித்தது

விடைத்தாளைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கதைச்சுருக்கம் சொன்ன அன்று வகுப்பில் ஒரு பிள்ளைகூட 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. ஒரு மனிதனை நாய்களோடு துரத்துகிறார்கள் என்று சொல்கிறேன், நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்ன முறை அப்படி. 'இதோ முரண் வருகிறது, குறித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பிறகு கதையைச் சொன்னால், பிள்ளை முரணைத்தான் தேடும். காட்டுக்குள் ஓடும் மனிதனைத் தேடாது.

இதைத் தமிழாசிரியை ஒருவரிடம் ஓய்வறையில் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்டார்: "சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் கெட்ட கனவைச் சொல்கிறாள். ஊர் விட்டுக் கிளம்பும் முன்பே சொல்கிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அந்த இடம் புரிகிறது. அதற்கு முன்னுணர்த்தல் என்று பெயர் வைத்தா நான் ஆரம்பித்தேன்?" களத்தைப் பற்றியும் சொன்னார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்ததைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். மலை குறிஞ்சி என்றும் அதன் சிறுபொழுது யாமம் என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கானலின் கதையிலும் ஸாரோஃப் இருட்டிய பிறகுதான் கிளம்புகிறான், இரவு வேட்டையில்தான் ருசி என்கிறான். இவ்வளவு பக்கத்தில் இருந்ததை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் அந்தப் பேச்சில் வந்தது. கதையின் தலைப்பில் உள்ள 'கேம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விளையாட்டு என்றும் வேட்டை விலங்கு என்றும் இரண்டு பொருள். தமிழில் அந்தச் சிலேடை வராது என்றுதான் நினைத்திருந்தேன். 'வேட்டம் என்றால் வேட்டை, வேட்டம் என்றால் விருப்பமும்தான்' என்றார் அவர். ஸாரோஃபின் குணத்தைச் சொல்ல அந்தச் சொல்லே போதும் என்று தோன்றியது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆ பிரிவுக்கு இன்னும் கதையைத் தொடங்கியிருக்கவில்லை. அவர்களுக்குச் சுருக்கப் பிரதி வேண்டாம், ஏறத்தாழ 8,000 சொற்கள் கொண்ட முழுக் கதையையும் ஆறு வகுப்புகளாகப் பிரித்து, நானே உரக்க வாசிப்பது என்று முடிவெடுத்தேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை முன்னிரவே பென்சிலால் கோடிட்டு வைத்தேன். கலைச்சொற்களைக் கடைசி வகுப்புக்குத் தள்ளினேன். பிள்ளைகள் நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, ஒரு பாதியில் 'அவனுக்குத் தெரிந்தது', மறு பாதியில் 'நமக்குத் தெரிந்தது' என்று மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டும். சஸ்பென்ஸ் என்பது இந்த இரண்டு பாதிகளுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் என்பதுதான் என் கணிப்பு.

அ பிரிவை என்ன செய்வது? அவர்களுக்கு முடிவு தெரியும். விட்டுவிடவும் மனம் வரவில்லை. அவர்களுக்கும் முழுக் கதையைக் கொடுத்து, 'கதாசிரியர் எங்கெங்கே நம் கண்ணில் மண்ணைத் தூவினார்?' என்று தேடச் சொன்னேன். இது ஆறுதல் பரிசு போலத்தான் எனக்கே பட்டது.

ஆ பிரிவிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்று அ பிரிவைக் கேட்டுக்கொண்டேன். விடுதியில் இரண்டு இரவுகூடத் தாங்கவில்லை. வாசிப்பைத் தொடங்குவதற்குள் பாதி வகுப்புக்கு ஸாரோஃப் சாவான் என்று தெரிந்துவிட்டது. திட்டம் பாழாயிற்று என்றே நினைத்தேன்.

தோட்டா

கரையேறிய மறுநாள் ரெயின்ஸ்ஃபோர்டு காட்டோரம் நடக்கிறான். ஓரிடத்தில் செடிகள் நசுங்கிக் கிடக்கின்றன, பாசி பிய்ந்திருக்கிறது, ஒரு திட்டில் இரத்தம். பக்கத்தில் ஒரு காலித் தோட்டா. எடுத்துப் பார்க்கிறான். 0.22 ரகம். இவ்வளவு பெரிய விலங்கை இத்தனை சிறிய துப்பாக்கியால் எதிர்கொண்டவனுக்கு நல்ல துணிச்சல் என்று வியக்கிறான். வேட்டைக் காலணியின் தடத்தைக் கண்டதும் மகிழ்ச்சியோடு அதன் பின்னே போகிறான்.

அங்கே நிறுத்தினேன். 0.22 என்றால் அங்குலக் கணக்கு, சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் குறுக்களவு என்று மட்டும் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு மலைக் கிராமத்துப் பையன். கையிலிருந்த பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிக்கோலை எடுத்து அதன் தடிமனை அளந்தான். ஏழு மில்லிமீட்டர்.

"சார், இதைவிட மெல்லியதா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் பெரிய விலங்கைச் சுடவில்லை சார். இதால் காட்டுமாட்டைச் சுட்டால் அது திரும்பி வந்து முட்டிக் கொன்றுவிடும். திரும்பித் தாக்காத எதையோ சுட்டிருக்கிறான்."

வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பையன் என் வகுப்பில் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் முறை. காட்டுமாடு இந்த மலையில் தோட்டத்துக்குள்ளேயே வந்து நிற்கும். விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவன் அதன் முன்னால் நின்றிருப்பான். அவனுக்கு அந்தத் தோட்டா கலைச்சொல்லுக்கான உதாரணம் அல்ல. பொருந்தாத ஒரு பொருள். பெயர்பெற்ற வேட்டைக்காரனின் கண்ணில் படாத பொருத்தமின்மை இவன் கண்ணில் பட்டுவிட்டது. முடிவு தெரிந்த பிள்ளைகள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுடப்பட்டது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். நோட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருந்த கோடு அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதே வாரம் அ பிரிவில் ஒரு மாணவி இன்னும் ஆழமான இடத்தைப் பிடித்தாள். கடலில் நீந்தும்போது ரெயின்ஸ்ஃபோர்டுக்கு இருட்டில் ஓர் அலறல் கேட்கிறது. எந்த விலங்கின் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை என்று எழுதியிருக்கிறார் கானல். "எல்லா விலங்கின் சத்தமும் தெரிந்தவன் சார் அவன். மனிதன் அலறினால்தான் தெரியாது" என்றாள். பல ஆண்டுகளாக இந்தக் கதையைப் படிக்கிறேன். நான் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். முடிவு தெரிந்ததால்தான் அவளால் அங்கே நிற்க முடிந்தது.

முடிவு தெரிந்தால் சஸ்பென்ஸ் போய்விடும் என்ற என் எண்ணம் இங்கே உடைந்தது. கூத்து பார்க்கிறவர்களுக்கு அபிமன்யு சாவான் என்று தெரியாதா? விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அ பிரிவைக் கெடுத்தது முடிவு அல்ல. எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டதுதான்.

முயல் தடம்

அந்தப் பையனின் தாத்தா பல காலம் ஒரு எஸ்டேட்டில் காவல்காரராக இருந்தவர். அவரை ஒரு சனிக்கிழமை வரவழைத்துப் பேசச் சொல்லலாமா என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் தயங்கினார். தயக்கம் நியாயமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பள்ளியில் அதைப் பற்றிப் பெருமை பேசுவதாக ஆகிவிடக் கூடாது. தடம் பார்ப்பதைப் பற்றி மட்டும் பேசுவது என்று ஒப்புக்கொண்டு அழைத்தோம்.

பள்ளிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஈரமண். கைத்தடியால் அதில் ஒரு நீளக் கோடு போட்டார் பெரியவர். கோட்டின் முனையிலிருந்து அதே கோட்டின் மேல் தடியைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு தடியைத் தூக்கி, இரண்டு கையையும் விரித்த நீளம் தள்ளிப் பக்கவாட்டில் ஊன்றினார்.

"முயல் இப்படித்தான் கண்ணு. நேராக ஓடும். வந்த தடத்திலேயே திரும்பி வரும். அப்புறம் பக்கத்தில் ஒரே தாவு. நாய் இந்த முனை வரைக்கும் வந்து, மேலே வாசனை இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும்."

"முயலுக்கு இதை யார் தாத்தா சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

கொஞ்சம் யோசித்தார். "பிழைத்த முயல்தானே குட்டி போடுகிறது" என்றார்.

திங்கட்கிழமை வாசித்த பகுதியில், ரெயின்ஸ்ஃபோர்டு முதல் இரவு தன் தடத்தின் மேலேயே திரும்பித் திரும்பி நடந்து சிக்கலாக்குகிறான். கதையில் அவன் நினைத்துக்கொள்வது நரியை. வகுப்பில் இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் 'முயல்' என்றன. பிறகு அவன் ஒரு மரத்தில் ஏறிப் படுக்கிறான். ஸாரோஃப் அந்தத் தடத்தைப் பிடித்து நேராக மரத்தடிக்கே வருகிறான், கண்ணை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றுகிறான், கிளையை எட்டும் முன் நிறுத்துகிறான். புன்னகைக்கிறான். சிகரெட் புகையை வளையமாக விட்டுவிட்டு நடந்துபோகிறான். அன்று வெளியே பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது, பத்தடியில் இருந்த மரம் தெரியவில்லை. நான் வாசித்து நிறுத்தியதும் ஒருவன், "அப்புறம் சார்?" என்றான். முடிவு தெரிந்தவர்களில் ஒருவன் அவன்.

மைதான ஓரத்துச் சுருக்கு

இந்தப் பகுதியை எழுதுவது எனக்குச் சிரமம். அடுத்த வகுப்பில் ரெயின்ஸ்ஃபோர்டு வைக்கும் மூன்று பொறிகள் வந்தன. சாய்ந்த பட்டமரத்தை விழச்செய்யும் மலாய்ப் பொறி ஸாரோஃபின் தோளில் அடிக்கிறது. கூர்முளைகள் நட்ட பர்மியக் குழியில் ஒரு நாய் விழுந்து சாகிறது. வளைத்துக் கட்டிய இளமரத்தில் கத்தியைப் பொருத்துவது உகாண்டாவில் கற்ற உபாயம். அதில் வேலையாள் இவான் சாகிறான். வகுப்பு சூடுபிடித்திருந்த உற்சாகத்தில் மூன்றையும் கரும்பலகையில் படம் போட்டு, எங்கே கட்டுவது, எது தட்டிவிடும் என்று விளக்கினேன்.

இரண்டு நாள் கழித்து, விடுதிப் பையன்கள் மூன்று பேர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு கொய்யாக் கிளையை வளைத்து நைலான் கயிற்றால் சுருக்கு வைத்தார்கள். கத்தி ஏதும் இல்லை, விளையாட்டுத்தான். மாலையில் பந்தெடுக்க ஓடிய மூன்றாம் வகுப்புச் சிறுவன் அதில் கால் மாட்டி விழுந்தான். முழங்கால் நன்றாகச் சிராய்ந்து போயிற்று. மருந்து போட்டபோதுகூட அவன் அழவில்லை. 'யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே யாருமே இல்லை என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

பொறுப்பு என்னுடையது, தலைமை ஆசிரியையிடமும் சிறுவனின் பெற்றோரிடமும் அப்படியே சொன்னேன். கதையை அத்தோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனை எழுந்தது. நிறுத்தினால் பிள்ளைகள் மனதில் தங்குவது பொறிகள் மட்டும்தான், கடைசிப் பகுதியைப் படித்தாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலைமை ஆசிரியை இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார்: மூன்று பையன்களும் சிறுவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், மைதானத்தையும் வேலியோரத்தையும் நான் நின்று பார்த்துச் சரி செய்ய வேண்டும். நான் இன்னொன்றைச் சேர்த்தேன். அந்த மூவரும் சுருக்கில் விழுந்தவனின் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் ஒருவன் எழுதியிருந்தான்: 'புல் எப்போதும் போலத்தான் இருந்தது. அதனால்தான் ஓடினேன்.' களம், சஸ்பென்ஸ், முரண்நகை என்று நான் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்துத் தோற்றது அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது.

லஸ்கர்

சுருக்கப் பிரதியில் வெட்டப்பட்டிருந்த ஒரு வரி முழுக் கதையில் வந்தது. யாரை வேட்டையாடுகிறான் என்று ஸாரோஃப் பட்டியலிடும்போது முதலில் சொல்வது லஸ்கர்களை. அப்படிப்பட்டவர்கள் இருபது பேரைவிட ஒரு நல்ல குதிரைக்கோ நாய்க்கோ மதிப்பு அதிகம் என்கிறான். லஸ்கர் என்றால் யார் என்று ஒரு மாணவன் கேட்டான். ஐரோப்பியக் கப்பல்களில் கூலிக்கு வேலை செய்த இந்தியர் உள்ளிட்ட ஆசிய மாலுமிகள் என்றேன்.

"நம் ஆட்களா சார்?"

ஆமாம் என்றேன். அதுவரை அவர்கள் அனைவரும் ரெயின்ஸ்ஃபோர்டின் தோளில் உட்கார்ந்து கதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில் சிலர் இறங்கிவிட்டார்கள். நசுங்கிய செடியும் இரத்தத் திட்டும் இருந்த அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கே ஓடியவன் யார் என்று கேட்டார்கள். கதையில் அவனுக்குப் பெயர் இல்லை. மலாய், பர்மா, உகாண்டா என்று பொறிகளுக்கு ஊர்ப்பெயர் இருக்கிறது, அவற்றைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் பெயர் இல்லை. இதைக் கதையின் குறையாகச் சொல்வதா, 1924ஆம் ஆண்டின் குறையாகச் சொல்வதா என்று அன்று வகுப்பு தீர்மானிக்கவில்லை. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை.

விளைவு

கடைசிக் காட்சியில், கடலில் குதித்துச் செத்துவிட்டதாக நினைத்தவன் ஸாரோஃபின் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னிருந்து வெளிப்படுகிறான். தோற்றவன் நாய்களுக்கு இரை, வென்றவனுக்கு இந்தக் கட்டில் என்கிறான் ஸாரோஃப். சண்டையைக் கானல் எழுதவே இல்லை. அடுத்த வரியில், இதைவிட நல்ல கட்டிலில் தான் படுத்ததில்லை என்று ரெயின்ஸ்ஃபோர்டு நினைக்கிறான். கதை முடிகிறது.

இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து இதை வாசித்தேன். சிலர் கைதட்டினார்கள். அலறலைக் கண்டுபிடித்த மாணவி, "எப்படி சார் தூக்கம் வந்தது?" என்றாள். கதையின் தொடக்கத்தில் ஜாகுவாருக்கு என்ன தோன்றும் என்று நண்பன் விட்னி கேட்டபோது, யாருக்கு அக்கறை என்றவன் இவன். மூன்று நாள் விலங்காக ஓடியவன் மாறினானா, இல்லை அடுத்த ஸாரோஃபாக அந்தக் கட்டிலில் படுத்தானா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து மதிய உணவு மணி வரைக்கும் வாதாடியது. அதற்குப் பிறகுதான் கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது; உதாரணங்களை அவர்களே சொன்னார்கள், கப்பல்பொறித் தீவு கடைசியாகத்தான் வந்தது.

மறுதேர்வில் புதிய பத்தியைக் கொடுத்தபோது வெற்றுத்தாள் இல்லை. எல்லாம் நல்ல விடைகள் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறிய சிலர் தமிழில் எழுதியிருந்தார்கள், மதிப்பெண் கொடுத்தேன். தோட்டாவைப் பிடித்த பையன் இலக்கணத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான், ஆனால் இப்போது கை தூக்குகிறான்.

மறுபடி நடத்தினால்

பொறிகளைப் படம் போட மாட்டேன். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, கீழே வரப்போகிறவனின் பக்கத்தை முதலில் எழுதச் சொல்வேன். பெரியவரைப் பொறிப் பகுதிக்குப் பிறகு இன்னொரு முறையும் அழைப்பேன். தடம் பார்த்துப் பழகியவர் சுருக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் பையன்கள் என்னைவிட அவர் சொல்லைக் கேட்டிருப்பார்கள்.

முடிவை ரகசியமாக வைத்திருக்கும்படி பிள்ளைகளைக் கெஞ்ச மாட்டேன். சுருக்கப் பிரதிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த ஜூலைக்காக முழுக் கதையையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். லஸ்கர் வரி இருக்கும் பக்கத்துக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்தப் பையனின் பென்சிலைக் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். பதிலுக்குப் புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.